ஏழு பேர் வண்டியும் ஒரு ஸ்டூலும்

செந்தில்,

இந்தக் கடிதத்தை உன்னால் முழுசாகப் படிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கட்கியில் பிறந்து, மராத்திப் பையன்களோடு விளையாடி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ. நம் சொந்த ஊர் வாணியம்பாடிக்குப் போனால் பஸ் போர்டையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஆகவே வித்யாதான் இதை உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். கோயம்புத்தூரில் தமிழ் படித்த பெண், தடங்கல் இல்லாமல் படிப்பாள். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தால் வழக்கம்போல உபதேசம்தான் வருகிறது, சொல்ல வேண்டியது வர மாட்டேன் என்கிறது. மருமகள் வாயால் என் லட்சணத்தைக் கேட்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று வைத்துக்கொள். வித்யா, நடுவில் தயங்கி நிறுத்தாதே அம்மா. எழுதியிருப்பதை எழுதியபடியே படி.

செவ்வாய்க்கிழமை நீ ஃபோன் செய்தாய். "அப்பா, வண்டிய மாத்தலாமான்னு பாக்குறோம். வித்யாவுக்கு இப்ப அதுல ஏறி எறங்க முடியல. குழந்தை பொறந்தப்புறம் இன்னும் கஷ்டம். நீங்க ஓகேன்னாதான். வேணாம்னா விட்டுடலாம், நோ ப்ராப்ளம்" என்றாய். சின்ன வயதில் மார்க் குறைந்த அன்றைக்கு ரிப்போர்ட் கார்டை நீட்டுவாயே, அதே குரல். கல்யாணமாகி, அப்பாவாகப் போகிறவன், தன் சம்பளத்தில் வாங்கிய வண்டியை மாற்றுவதற்கு அந்தக் குரலில் என்னிடம் அனுமதி கேட்கிறான். நான் என்ன செய்தேன்? "யோசிச்சு சொல்றேன்" என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். உன் குரலில் அந்தப் பயத்தை வைத்தது நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வண்டி வந்த கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தசராவுக்கு முன்னால் ஒரு மாலை நீ வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன காரின் படத்தை ஃபோனில் காட்டினாய். கூரை கொஞ்சம் உயரமாக, தரை தாழ்வாக, சதுரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபேக்டரியில் என் பழைய செக்‌ஷன் ஆள் கோவிந்தன் நம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பையன் அந்த வருஷம்தான் ஒரு பெரிய எஸ்யூவி வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அது வந்து நின்றால், பக்கத்தில் இருக்கும் ஸ்கூட்டர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். கோவிந்தன் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினார். அந்த உறிஞ்சல் போதும் எனக்கு. "இது காடியா, டிபன் டப்பாவா?" என்று உன்னைக் கேட்டேன். நீ, "இல்லப்பா, அம்மாவுக்கு ஏறி எறங்க" என்று ஆரம்பித்தாய். நான் முடிக்க விடவில்லை. "உங்கம்மா எங்க போறா? வாரத்துக்கு ஒருக்கா கோயிலுக்கு. அதுக்காக நீ டப்பாவுல போவியா? ஐடி கம்பெனில இருக்கேன்னு வெளிய சொல்லாத" என்றேன். உன் முகம் சிறுத்துப் போனது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. மறுநாள் தொடங்கி தினமும் ஃபோன் போட்டு, ரோட்டில் பள்ளம், மழைக்காலம், ஊருக்குப் போக வர, நாளைக்குக் குடும்பம் பெருகும் என்று உன் காதைக் குடைந்தேன். கடைசியில் நீ, "சரிப்பா, உங்க இஷ்டம்" என்றாய். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சொன்னது வெறும் சாக்கு, நீ கஞ்சத்தனத்தில்தான் சின்ன வண்டி கேட்டாய் என்று போன வாரம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. ஃபேக்டரியில் நான் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவன். என் வேலையே பெட்டி அளவு பார்ப்பது. உள்ளே வைக்கிற சாமானுக்குப் பெட்டி பெரிசாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மரமும் வீண், லாரியில் இடமும் வீண், உள்ளே சாமான் உருண்டு அடிபடும். காண்ட்ராக்டர்கள் என்னை உள்ளுக்குள் திட்டுவார்கள், "இந்த மதராஸி விடமாட்டான்" என்பார்கள். அதை நான் பெருமையாக வீட்டில் வந்து சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட ஆள், நாலு பேர் போக ஏழு பேர் பெட்டியை வாங்க வைத்தேன். வேலையில் இருந்த புத்தி கோயில் வாசலில் எங்கே போனது என்று தெரியவில்லை.

கோயில் வாசலில் பூஜை போட்ட அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். இருந்தும் நீ ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பழைய ஃபேக்டரி குடும்பங்கள் மொத்தமும் சுற்றி நின்றன. குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, "வீட்டு மகாலட்சுமி முதல்ல ஏறட்டும், அப்புறம் வண்டிய நகர்த்துங்க" என்றார். உன் அம்மா அந்தப் பட்டுப்புடவையில் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் முட்டி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டுப் படியிலேயே ஒரு கையைச் சுவரில் வைத்துத்தான் இறங்குவாள். காலைத் தூக்கினாள், எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள், புடவை தடுக்கியது. நீ ஓடிவந்து தோளைக் கொடுத்தாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோவிந்தனும் பார்த்துக்கொண்டிருந்தார். புது வண்டிக்கு முன்னால் என் மானம் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் மானம் என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை. "ஏழு பேர் ஏறுற வண்டின்னுதான் வாங்குனான். இவ ஒருத்தி ஏறிட்டா கணக்கு சரியாப்பூடும்" என்று உரக்கச் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவளே சிரித்துவிட்டாள், அப்புறம் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த ஜோக்கை எத்தனை இடத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தாபோடியில் ஒரு கல்யாணத்தில் சொன்னேன், வித்யாவின் அப்பா அம்மா வந்திருந்தபோது சொன்னேன். நீ சிரிக்கவில்லை, வித்யா தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள். நான் அதையெல்லாம் கவனித்தேன் செந்தில். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ விமான் நகரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தாய். நம் சந்துக்குள் அது நுழையாது, மெயின் ரோட்டில்தான் நிற்க வேண்டும். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று நிதானமாக நடந்தேன். உன் அம்மா, "எனக்கு ஏசி ஒத்துக்கல, தலை சுத்துது. நீங்க போங்க, நா ஆட்டோ ரிக்ஷால வந்துர்றேன்" என்றாள். அன்று தொடங்கி இரண்டு வருஷமாக அவளுக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. நீ ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குகிறேன் என்றாய், வெயில் என்றாள். கூட ரிக்ஷாவில் வருகிறேன் என்றாய், சாமிக்கு நேரமாகிறது, நீ அப்பாவைக் கூட்டிப் போ என்றாள். ஏழு சீட்டு வண்டியில் நீ, வித்யா, நான் என்று மூன்று பேர் முன்னால் போக, அதை வாங்கியவனின் அம்மா பின்னால் ரிக்ஷாவில் வருகிறாள். உலகத்தில் வேறெங்காவது இப்படிக் கோயிலுக்குப் போகிற குடும்பம் இருக்குமா? வாணியம்பாடி கல்யாணத்துக்குக்கூட அவள் ரயிலில்தான் வந்தாள், "படுத்துக்கிட்டு வரலாம்ல" என்று சொல்லிவிட்டு. நம் வண்டியின் கடைசி சீட்டை மடக்கி, அதில் அவளுடைய பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். அவள் சொன்னதை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வண்டி மேல் குற்றம் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பை இரும்பின் தலையில் கட்டியதாகிவிடும். ஒரு மழைநாளில் தாபோடி பக்கம் சப்வேயில் தண்ணீர் நின்றபோது, சின்ன வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நிற்க, நாம் படகு மாதிரி கடந்து போனோம். கோவிந்தன் வீட்டில் மாமனார் மாமியார், பிள்ளைகள் என்று நிறைய பேர், மாதத்துக்கு ஒரு தடவை காட் ரோட்டு மலைப்பாதையில் கொங்கண் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டி வேண்டியதுதான். நமக்கு? உன் ஆபீஸ் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உங்கள் பில்டிங் பார்க்கிங்கில் தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவில் அதை நுழைக்க நீ வியர்த்துப் போகிறாய். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் தானே கார் ஓட்டிக்கொண்டிருந்த வித்யா, இதைத் தொடவே பயந்து ஆபீஸ் கேபில் போகிறாள். சப்வே தண்ணீர் கதையை அந்த வருஷம் முழுக்க நான் தம்பட்டம் அடித்தேன். மீதி நாளெல்லாம் அந்த வண்டி ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, மூன்று ஆளின் டீசலைக் குடித்துக்கொண்டு, சிக்னலில் நின்றதை யாரிடமும் சொன்னதில்லை.

இனி போன வாரக் கதை. மாடிப்படி ஈரத்தில் எனக்குக் கால் பிசகியது உனக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிப் போக நீ லீவு போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுவந்தாய். சந்துக்குள் நடந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வண்டிக் கதவைத் திறந்தாய். நான் காலைத் தூக்கினேன், வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன், அப்போதும் வரவில்லை. காய் வண்டிக்காரரும் கிராணா கடையில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்துவிடுவார்களோ என்று எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உன் அம்மா, "இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவளால் முடிந்த வேகத்தில் வீட்டுக்குத் திரும்பினாள். வரும்போது கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தாள். ஆடாமல் இருக்கத் தன் காலால் அழுத்திக்கொண்டாள். "கால வைங்க. நா புடிச்சிக்கிறேன்" என்றாள்.

அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது, நானே ஊரெல்லாம் பரப்பி வைத்த வாக்கியம். அவளுக்கு அது மனப்பாடமாக இருந்திருக்கும். நான் ஏறி உட்காரும் வரைக்கும் அதற்காகவே காத்திருந்தேன். அவள் என் வேட்டி நுனி கதவில் மாட்டாமல் உள்ளே தள்ளிவிட்டாள், அவ்வளவுதான். நீ, "நீயும் ஏறும்மா, ஸ்டூல்தான் இருக்கே" என்றாய். "நா ஏறிட்டா ஸ்டூல யாரு எடுக்கறது? நீ போ" என்று ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு ரிக்ஷாவைக் கூப்பிட்டாள். நாம் சிக்னலில் நின்று, பார்க்கிங் தேடிச் சுற்றி, கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, சந்து வழியாக வந்த ரிக்ஷா அவளை இறக்கிவிட்டுப் போயே போய்விட்டது. அவள் வாசலில் ஸ்டூலோடு நின்றுகொண்டிருந்தாள், நான் இறங்குவதற்காக.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது கேட்டேன். "அந்த ஸ்டூல் எப்ப வாங்குன?"

"வண்டி வந்த வாரமே. பஜார்ல."

"அப்பறம் ஏன் ஒரு நாளும் எடுக்கல?"

"கோயில் வாசல்ல இதெல்லாம் எடுத்துக்கிட்டு வராத, மானம் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க. கட்டிலுக்கு அடில போட்டு வச்சேன்."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை செந்தில். அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அவளே தொடர்ந்தாள், சாதாரணமாக, நேற்றுச் சமைத்ததைச் சொல்வது போல. "அந்தச் சின்ன வண்டில நா நல்லா ஏறுனேன். செந்தில் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, முன்னால ஏறிப் பாரும்மா, பின்னால ஏறிப் பாரும்மான்னு ஒக்கார வச்சி எறக்கிப் பாத்தான். முட்டி வலிக்கவே இல்ல. இதையே வாங்கிடலாம்னான்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ என் முன்னால் ஃபோனை நீட்டியபோது பாதியில் நான் வெட்டிய வாக்கியத்தின் மீதி இதுதான் என்று அப்போது புரிந்தது. நான் ஊர் கண்ணுக்கு ஒரு வண்டி தேடினேன், நீ உன் அம்மாவின் முட்டிக்கு ஒரு வண்டி தேடியிருக்கிறாய். உன்னைக் கஞ்சன் என்று உன் மாமனாரிடமே சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது, "அம்மாவுக்காகத்தான்பா கேட்டேன்" என்று என் முகத்தில் அடித்தாற்போல் நீ சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது மரியாதையா, பயமா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. எனக்கே தெரியும். தெரிவதால்தான் தலை நிமிரவில்லை.

உபதேசம் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருந்தாலும் நீ அப்பாவாகப் போகிறாய், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், பக்கத்தில் யார் டீ குடித்துக்கொண்டிருந்தாலும், அது முடிக்கும்வரை பேசாமல் இரு. நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. வண்டியை மாற்ற என் அனுமதி உனக்குத் தேவையில்லை. நான் ஷோரூமுக்கு வரமாட்டேன், எந்த வண்டி என்றும் கேட்க மாட்டேன். உன் அம்மாவையும் வித்யாவையும் கூட்டிப் போ. இரண்டு பேரும் ஏறி இறங்கிப் பார்க்கட்டும், வித்யா ஓட்டிப் பார்க்கட்டும். அவர்களுக்கு எது சரியோ அது. ஒருவேளை அவர்கள் பெரிய வண்டியையே கேட்டாலும் எனக்குச் சம்மதம். கோவிந்தன் கேட்டால், டப்பா மாதிரி ஒரு வண்டி வாங்கியிருக்கிறோம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்ததும் வித்யா இதை ஹாலில் உட்கார்ந்து இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கட்டும். உன் அம்மாவும் இருக்க வேண்டும், சமையலறைக்குப் போக விடாதே. நானும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்க எனக்கு நேற்றும் முந்தாநாளும் நேரம் இருந்தது. கேட்டால், "அதெல்லாம் விடுங்க" என்று சொல்லி என்னைச் சுலபமாக விட்டுவிடுவாள். நாலு பேர் முன்னால் சொன்னதை அறைக்குள் வைத்து அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

படித்து முடித்த பிறகு கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். நீயும் வித்யாவும் வண்டியில் போங்கள். என் கால் இன்னும் சரியாகவில்லை, ரிக்ஷாவில்தான் என்னால் ஏற முடியும், ஸ்டூல் இல்லாமல். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் உன் அம்மாவோடு அதில் உட்கார்ந்து போனதில்லை. பக்கத்தில் இடம் கொடுத்தால் அவளோடு வருகிறேன். கொடுக்காவிட்டால் இன்னொரு ரிக்ஷா பிடித்து அவளுக்குப் பின்னாலேயே வருகிறேன். எப்படி வந்தாலும், தள்ளி எங்கும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் நிற்கிற அந்த வாசலில்தான் இறங்குவேன்.

உன் அப்பா